எல்லாக் கோப்புக்கும் ஒரே பெயர்

அட்டையைத் திறந்ததும் ஓர் அருவி கொட்டியது.
சீனத்து அருவி. சோதனைக்காகத்
தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பியது.
முதல் வேலை அதை அழிப்பது.
இருபத்து மூன்று அட்டை, இருபத்து மூன்று அருவி.
செக்காலை ரோட்டில், செராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்
மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் வற்றவைத்தேன்.

சாத்தப்பன் கொண்டுவந்தது வேறு தண்ணீர்.
பள்ளத்தூரில் ஒரு வீடு. இருபத்து மூன்று பங்கு.
ஓடு மாற்ற எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.
கடிதம் எழுதினார், பதிலில்லை.
வாட்ஸப்பில் அனுப்பினார்:
நீலக் குறி இரண்டு, அதோடு சரி.
"கையில கனமா ஒண்ணு வந்து விழுந்தா
பிரிச்சுத்தானே ஆகணும் ரெஜினா?"
பத்திரிகை அளவில் அட்டை, திறந்தால் தானே ஓடும் திரை,
ஒன்று ஆயிரத்து எண்ணூறு.
பேசிப் பேசி ஆயிரத்து அறுநூறு.

அவரவர்க்கு அவரவர் அறை முதலில்,
பிறகு வளவு, கடைசியில் மேஸ்திரியின் கணக்கு.
அறைச்சாவிகள் சென்னையில், பினாங்கில், கோவையில்.
அதனால் கூரையேறி, ஓடு சரிந்த இடுக்கு வழியாகக்
குச்சியில் போனைக் கட்டி இறக்கி எடுத்திருந்தார்.
எல்லாம் நெட்டுக்குத்தாக.
திரையோ படுக்கைவசம்.
இழுத்து விரித்தேன், வளவுத் தூணெல்லாம் ஆட்டுரலாயிற்று.
சுற்றிலும் கறுப்பு விட்டுத் திரும்ப வைத்தேன்.

அட்டைக்கு வயிறும் சிறியது.
நூற்று இருபத்தெட்டுக்கு மேல் ஒரு கவளம் வாங்காது.
சுருக்கினேன்.
சுவர் இருந்தது, கட்டில் இருந்தது,
சொட்டு மட்டும் காணோம்.
"ஒழுகுறதே தெரியலியே, அப்பறம் எதுக்கு?"
முகப்பை வெட்டச் சொன்னார்.
அதுதான் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் இருக்கிறதே.
ஒன்பது விநாடி போனது.
சொட்டு திரும்பி வந்தது,
ஒவ்வொன்றும் தனித்தனியாக, எண்ணலாம் போல.

பெயர் விஷயம்தான் வில்லங்கம்.
பங்காளி பெயரைத் தமிழில் போட்டால்
அட்டை கறுத்துக் கிடக்கும்.
01 என்றால் ஓடும்.
ஆக இருபத்து மூன்று அறைக்கும் பெயர் 01.
எது யாருடையது என்பதற்கு
அட்டை மேல் ஒட்டிய மஞ்சள் சீட்டு மட்டும் சாட்சி.

ஒயரைச் செருகு, சிவப்பு விளக்குப் பார்,
கோப்பை இழுத்துப் போடு,
பச்சைக் கோடு நிறையும் வரை கையை வைத்துக்கொள்,
பத்திரமாக வெளியேற்று.
அவசரத்தில் பிடுங்கிய ஆறாவது அட்டை
நாற்பத்தோராம் விநாடியில் நின்று
மேஸ்திரியின் வாயைத் திறந்தபடியே வைத்திருந்தது.

நாலு மணிக்குக் கரண்ட் போனது.
வந்தபோது மின்விசிறியும் சேர்ந்து வந்தது.
பறந்தவை இரண்டே சீட்டு: ஒன்பது, பதினொன்று.
அண்ணன், தம்பி. தேவகோட்டைக் கோர்ட்டில்
பன்னிரண்டு வருஷமாக எதிரெதிர் பெஞ்சு.
ஞாபகத்தை நம்பி ஒட்டினேன்.

பினாங்கு அட்டைகளைக் கூரியர்காரர் தொடவில்லை,
உள்ளே பேட்டரியாம்.
ஊருக்குத் திரும்பிய யாரோ ஒருவர் கைப்பையில் போயின.

அன்றிரவு தட்டில் ரசம் ஊற்றும்போது உறைத்தது:
பதினொன்று என்று ஒட்டி மூடிய அட்டையில்
பச்சைப் பெயின்ட் சுவர்.
பச்சைச் சுவர் ஒன்பதுடையது.

சொல்லவில்லை. காத்திருந்தேன்.
போன் அடிக்கும்போதெல்லாம் வயிற்றில் ஒரு சொட்டு விழுந்தது.

பதினாறு நாள் கழித்துச் சாத்தப்பன் படியேறி வந்தார்,
கையில் பத்தொன்பது கையெழுத்து.
"அந்த ரெண்டு பேருமே போட்டுட்டாங்க!
தனித்தனியாத்தான் போன் பண்ணாங்க,
ஆனா பேச்சு ஒரே பேச்சு:
நம்ம ரூமுதான், பாத்ததுமே தெரிஞ்சிருச்சு,
இப்பிடி விட்டுட்டமேங்கிறாங்க."

நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
சுற்றி முடித்த ஒயரை அவிழ்த்து
இன்னொரு தடவை சுற்றினேன்.

பாக்கி நாலு பேர்.
அதில் ஒருவருக்குத் திறந்தும் ஓடவில்லையாம்.
சார்ஜ் போடச் சொல்லுங்கள் என்றேன்.